வெட்டியெடுத்த கப்பல் முத்திரைகள்

என் பெயரை என் கணவர் அடுப்பில் போட்டார். கோபத்தில் அல்ல, ஆசையில்தான். அவர் பிரெஞ்சுக் கடற்படையின் பழைய போர்க்கப்பல் ஒன்றில் வேலை பார்த்தார். ஹைபோங், துரான், ஜிபுத்தி என்று கப்பல் நின்ற துறைமுகங்களிலிருந்தெல்லாம் சைகோனில் இருந்த எனக்குக் கடிதம் எழுதுவார். விடுப்பில் வீட்டுக்கு வந்ததும், நான் நூல் போட்டுக் கட்டிவைத்திருந்த உறைகளை எடுத்துத் தரையில் பரப்புவார். சவர பிளேடால் ஒவ்வொன்றிலும் கப்பலின் தபால் முத்திரை விழுந்த இடத்தை மட்டும் தீப்பெட்டி அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்துக்கொள்வார். மிச்சம், அதாவது முன்பக்கத்தில் இருக்கும் என் பெயரும் விலாசமும், பின்பக்கத்தில் அவர் எழுதிய அவருடைய பெயரும், அடுப்புக்குப் போகும்.

"உள்ளே எழுதின கடுதாசி பத்திரமாத்தானே இருக்கு? உறைக்குப் போயி ஏன் இப்படிக் கத்துற?" என்பார்.

"அது என் பேருங்க. எரியறதைப் பார்க்கச் சகிக்கல."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று சிரித்துக்கொண்டே அடுத்த உறையை எடுப்பார்.

என் அப்பா காரைக்கால்காரர். அம்மா இந்த ஊர் வியட்நாமியப் பெண். நான் பிறந்ததும் வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் எல்லாம் சைகோன் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யில்தான். அப்பா தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். புதுச்சேரியிலிருந்து வந்த கத்தோலிக்க மாப்பிள்ளையையும் அவரே தேடிக்கொடுத்தார். மாப்பிள்ளை நல்லவர். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். பிளேடு கையில் இருக்கும்போது மட்டும் அவருக்குப் பெண்டாட்டி கண்ணில் தெரியமாட்டாள்.

கப்பலில் தபாலைப் பார்த்துக்கொள்பவரை 'வாக்மெஸ்த்ரு' என்பார்கள். என் கணவர் அவருக்கு உதவியாள். தபால் பையைக் கட்டுவது, படகில் கரைக்குக் கொண்டுபோவது, ஒவ்வோர் உறையிலும் முத்திரை குத்துவது எல்லாம் இவர் வேலை. கடற்படைக்காரர்கள் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை. அதனால் உறையில் பார்க்க இருப்பது அந்த வட்ட முத்திரை ஒன்றுதான். மற்றவர்களுடைய உறைகளில் மளமளவென்று குத்தித் தள்ளுவாராம். எனக்கு வரும் உறை என்றால், அதிக மையை வேறு தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, கப்பல் ஆடாத நேரம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துவாராம். ஓர் எழுத்துகூட மங்கியிருக்காது. இதெல்லாம் என்மேல் உள்ள அன்பு என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்பும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்தக் கப்பலின் சரித்திரம் முழுவதையும் அவர் முத்திரைகளை வைத்துத்தான் சொல்வார். இரண்டு பெரிய யுத்தங்களுக்கு நடுவில், காலனிகளில் கொடியைக் காட்டிக்கொண்டு திரிவதற்காகக் கட்டிய சின்னப் போர்க்கப்பல் அது. அந்தக் காலத்து முத்திரையில் வட்டத்தைச் சுற்றிக் கப்பலின் பெயர் முழுதாக இருக்கும், நடுவில் தேதி. ஓய்வுபெற்றுப் போன வாக்மெஸ்த்ரு ஒருவர் அப்படிச் சிலவற்றை இவருக்குக் கொடுத்திருந்தார். பிறகு யுத்தம் வந்தது. கப்பல் எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்று, அச்சிலிருந்து பெயரை அரம் போட்டு ராவி எடுத்துவிட்டார்கள். வெறும் வட்டமும் தேதியும் மட்டும் விழும். அதைச் சேகரிப்பவர்கள் 'ஊமை முத்திரை' என்பார்களாம். யுத்தம் முடிந்து புது அச்சு வந்தபோது பெயரும் திரும்ப வந்தது. அந்தப் புது அச்சில் குத்தியவர்தான் என் கணவர். ஹைபோங்குக்கு வெளியே ஒரு புயலில் அச்சு மேசையிலிருந்து உருண்டு இரும்புத் தரையில் விழுந்து, வட்டத்தின் விளிம்பு ஓரிடத்தில் பல் போனதுபோல் உடைந்துவிட்டது. அதனால் எந்தச் சதுரத்தைக் காட்டினாலும், தேதி மங்கியிருந்தாலும், புயலுக்கு முந்தியதா பிந்தியதா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். எங்கள் கல்யாண நாளை மட்டும் நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது கப்பலுக்கும் வயதாகிவிட்டிருந்தது. கொடியை இறக்கிய காலையில், மாலுமிகள் எல்லாரும் ஆளுக்கொரு உறையோடு வரிசையில் நின்றார்களாம், கடைசி நாள் முத்திரைக்காக. தோள்பட்டை வலிக்க வலிக்க இவர் குத்தியிருக்கிறார். பிறகு பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை ஆற்றோரம் கட்டிப்போட்டார்கள். இப்போது தோன் டுக் தாங் என்று பெயர் மாறியிருக்கும் கரைத்தெருவில் நின்றால் அது தெரியும். ஒரு நாள் இழுவைப் படகு ஒன்று அதை உடைப்பதற்காக இழுத்துக்கொண்டு போனது. இவர் கரையில் நின்று அழுதார். தகப்பன் செத்த செய்தி வந்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அதன்பின் கான் ஹொய்யில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார்.

அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. முதலாம் வட்டாரத்தில், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த காரைக்கால் பாய். அவரும் கப்பல் முத்திரை சேகரிப்பவர்தான், ஆனால் பிளேடைத் தொடமாட்டார். உறையை முழுதாக வைத்திருப்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தால், சற்று நேரத்தில் பாயும் வந்துவிடுவார். காபி ஆறிப்போகும், சண்டை மட்டும் ஆறாது.

"தம்பி, வெட்டாதீங்க. வெட்டிட்டா அது வெறும் காயிதம். முழுசா இருந்தாத்தான் தபால்."

"உறையில என்ன பாய் இருக்கு? அழுக்கும் பசையும்தான். முகம் இருந்தாப் போதும், முதுகு எதுக்கு?"

"முதுகுலதானே தம்பி உங்க பேரு இருக்கு?"

"என் பேரு எனக்குத் தெரியாதா பாய்?"

நான் பாய் கட்சி. அதனால்தான் கடைசி நாள் முத்திரையோடு எனக்கு வந்த உறையை, இவர் கப்பலைவிட்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே பாயிடம் கொடுத்துவிட்டேன். "அண்ணே, இது ஒண்ணாவது முழுசா இருக்கட்டும்" என்றேன். விஷயம் தெரிந்ததும் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என்னோடு பேச்சில்லை, குழம்பில் உப்பில்லை என்றால்கூட சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். அந்த உறையைப் பற்றி அதன்பிறகு அவர் வாயைத் திறந்ததே இல்லை, பாயிடமும் கேட்டதில்லை. அவரைப் பொறுத்தவரை அது களவு போன பொருள்.

எங்களுக்கு ஒரே மகன். ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவன். தெருவில் அவனுக்கு வாயெல்லாம் வியட்நாமிய மொழி. ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால்தான் தமிழ் வரும். "அம்மா, என் தங்க அம்மா" என்று தொடங்கினால், பந்து வாங்கவோ சினிமாவுக்கோ என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்பாவின் ஆல்பத்தைப் பார்த்து, "இத்தனை ஓட்டையை வெட்டி ஒட்டி வச்சிருக்கீங்களே" என்று கேலி செய்வான். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அவனிடம் மட்டும் அவருக்குக் கோபம் வராது.

சைகோன் விழுந்த அந்த ஏப்ரலில் ஊர் முழுக்கப் புகை. வெளிநாட்டுச் சேனையோடு சம்பந்தம் என்று காட்டும் தாள் எதுவும் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று தெருவில் பேச்சு. ஆளாளுக்குக் கொல்லையில் எரித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவரும் எரித்தார். கடற்படை கொடுத்த சேவைக் கையேட்டை முதலில் போட்டார். அவர் பிறந்த இடம், குடியுரிமை, வேலை பார்த்த கப்பல் எல்லாம் அந்தக் கையேட்டில்தான் இருந்தன. பிறகு சீருடையில் எடுத்த படங்கள். பிறகு எனக்கு எழுதிய கடிதங்கள். அவற்றில் கப்பல் விஷயம் இருக்கிறதாம். நான் தடுக்கவில்லை. பயம் எனக்கும் இருந்தது. கடைசியில் ஆல்பத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"இதுல யார் பேரும் இல்ல. இதனால யாருக்கும் ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டு, அதை அரிசிப் பானைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்.

பெயர் உள்ளதையெல்லாம் எரித்துவிட்டுப் பெயர் இல்லாததைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று அன்றைக்கு அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

கிட்டங்கி வேலை போயிற்று. பங்கீட்டு அரிசியில் போபோ என்கிற முரட்டுத் தானியத்தைக் கலந்து கொடுத்தார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் பல்லுக்கு அடங்காது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். ஊரே தாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மகனுக்கு மீசை அரும்பத் தொடங்கிய நேரத்தில் கம்போடிய எல்லையில் சண்டை வலுத்தது. பதினெட்டு நிறைந்த பையன்களை வட்டார அலுவலகம் பெயர் சொல்லி அழைத்தது. போன பையன்களில் சிலர் காலில்லாமல் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்குப் பதினெட்டு முடிவதற்குள் அவனை இந்த ஊரைவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம். காலையில் எழுந்ததும் அந்த நினைப்பு, படுக்கும்போதும் அந்த நினைப்பு.

வழி இருந்தது. பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்த புதுச்சேரிக்காரர்களும் காரைக்கால்காரர்களும் குடும்பத்தோடு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் தூதரகத்துக்குப் போனோம். கல்யாணத்துக்கு மாதா கோயில் பதிவேடு இருந்தது. மகனுக்குப் பிறப்புச் சான்று இருந்தது. என் கணவர் யார் என்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. புதுச்சேரிக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கடற்படையில் வேலை பார்த்ததற்கு ஏதாவது அத்தாட்சி காட்டினால் பிரான்சில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்று அங்கிருந்த அதிகாரி சொன்னார். மூக்குக்கண்ணாடி போட்ட சாந்தமான மனிதர். மறுமுறை போனபோது என் கணவர் ஆல்பத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இவர் பிரெஞ்சில் விளக்கினார். இது யுத்தத்துக்கு முந்தியது, இது ஊமை முத்திரை, இது புயலுக்குப் பிறகு, பாருங்கள், வட்டத்தில் பல் போயிருக்கிறது. அந்த அறையில் உட்கார்ந்து இவர் முகத்தில் வந்த களையைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். அவருக்கும் ரசனை இருந்தது.

"மிக அழகு, ஐயா. இவ்வளவு தெளிவாகக் குத்தியதை நான் பார்த்ததில்லை" என்றார். பிறகு ஆல்பத்தை மூடி, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். "கப்பல் இருக்கிறது. ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

என் கணவர் ஆல்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து தூதரகத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக்கூடாது என்பார்கள். இவர் இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்ட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எத்தனை உறைகள்! ஒவ்வொன்றின் முதுகிலும் இவர் பெயர், வேலை, கப்பல். அதில் ஒன்றே ஒன்று முழுதாக இருந்திருந்தால் அந்த வாரமே தபால் போயிருக்கும். நான் திட்டவில்லை. திட்டினால் அங்கேயே செத்துப்போவார் என்று பயமாக இருந்தது.

பாயிடம் கொடுத்த உறை எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. சைகோன் விழுந்ததிலிருந்து பாய் எங்கள் வீட்டுப் பக்கம் வந்திருக்கவில்லை. அன்றைக்கே நடந்து போனேன். ஜவுளிக்கடைக் கதவில் அரசாங்க முத்திரை வைத்துப் பூட்டியிருந்தது. பாய் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். அந்தத் தெருவில் கடை வைத்திருந்த இந்தியர்கள் பலர் அப்படித்தான் போயிருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் படகில் கிளம்ப ஏற்பாடு செய்தார்கள். எங்கள் மகனையும் கூப்பிட்டார்கள். அவன் வந்து தமிழில் கேட்டான். ஏதோ பெரிய காரியம் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, நானும் போறேம்மா. இங்க இருந்தா எப்படியும் என்னைப் பிடிச்சுக்குவாங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் நேரில் போய் அந்தப் படகைப் பார்த்துவிட்டு வந்தார். "அது ஆத்துல மீன் பிடிக்கிற படகுடா. கடல் எனக்குத் தெரியும். என் கண்ணு முன்னால உன்னை அதுல ஏத்தமாட்டேன்" என்றார். "புதுச்சேரிக்கு மறுபடி எழுதியிருக்கேன். தாள் வரும். கொஞ்சம் பொறு."

அவன் பொறுத்தான். நல்ல பிள்ளை, பொறுத்தான். எதிர்வீட்டுப் பையன்கள் மலேசியாவில் கரை சேர்ந்துவிட்டதாகப் பிறகு அவர்கள் வீட்டுக்குச் செய்தி வந்தது. அந்த வீட்டு அம்மா சந்தோஷத்தைக் காட்டாமல் அடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள். நான் நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாதங்கள் போயின. ஒரு நாள் பங்கீட்டு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கையிலிருந்த நூல்கண்டைக் காட்டி, பள்ளிவாசல் சுவரோரம் ஒரு கிழட்டு இந்தியர் விற்கிறார், மலிவு என்றாள். வரிசையை விட்டுவிட்டு ஓடினேன். பாய்தான். பாதியாக இளைத்திருந்தார். கடை போனபிறகு பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறையில் தங்கி, இந்தியா போகும் விமானத்தில் இடத்துக்காகக் காத்திருந்தாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க தங்கச்சி. தம்பி சுகமா?"

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அறைக்குள் போய், மல் துணியில் சுற்றி இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்திருந்த அந்த உறையைக் கொண்டுவந்தார். கொடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. முன்பக்கம் என் பெயர், பின்பக்கம் அவர் பெயர், வாக்மெஸ்த்ருவின் உதவியாள், கப்பலின் பெயர்.

"அண்ணே, உங்ககிட்ட இருக்கறதுலயே பெரிசு இதுதானே?"

"இத வச்சுக்கிட்டு நான் எங்க போகப்போறேன்? பிள்ளைய முதல்ல பாருங்க. சுருக்காப் போங்க" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணவர் கையில் கொடுத்தேன். அந்த நிலையிலும் மனிதர் முதலில் பார்த்தது முத்திரையைத்தான். பிறகுதான் திருப்பித் தன் பெயரைப் பார்த்தார். சத்தம் வராமல் அழுதார். "பாய் சொன்னாரு. நான் கேக்கல" என்றார். நான் அவர் தலையில் கை வைத்தேன். எனக்கு அவர்மேல் பாசமும் வந்தது, அடித்து நொறுக்க வேண்டும் என்றும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தூதரகத்து அதிகாரி உறையைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். இது போதும் என்றார். நகலெடுத்துக் காப்பகத்துக்கு அனுப்பினார். பதில் வர எத்தனை நாளாகும் என்று அவருக்கே தெரியவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை எங்களுடையது. பதில் வருவதற்குள் மகனுக்குப் பதினெட்டு நிறைந்தது. தெரு ஒலிபெருக்கியில் அவன் பெயரை வாசித்தார்கள். குடும்ப அட்டையில் அவன் இந்த நாட்டுப் பிரஜை. தாள் வந்துகொண்டிருக்கிறது, தாள் வந்துகொண்டிருக்கிறது என்று வட்டார அலுவலகத்தில் நான் கெஞ்சினேன். வராத தாளை யார் மதிப்பார்கள்? பையன்களை ஏற்றிப்போக லாரிகள் வந்தன. கொட்டு முழக்கம், சிவப்புத் துணி, சட்டையில் குத்திய காகிதப்பூ. மற்றப் பையன்களுக்கு முன்னால் வெட்கப்படாமல் அவன் என்னிடம் தமிழில் பேசினான்.

"அம்மா, என் தங்க அம்மா, தாள் வந்ததும் எனக்கு எழுது. நான் ஓடி வந்துடறேன்."

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் பிடித்து ஆட்டிவிட்டு லாரியில் ஏறினான். பொறு என்று சொன்ன வாய்க்கு அவன் வேறு என்ன தருவான்?

அவனிடமிருந்து கடிதங்கள் வந்தன. சேனைத் தபாலுக்கும் தபால்தலை கிடையாது. உறையின் மூலையில் ஒரு பெட்டி எண் மட்டும் இருக்கும். ஊர் பெயர் இல்லை, மாகாணம் இல்லை. எழுத்தில் எப்போதும் நலம்தான், பசிதான், மழைதான். என் கணவர் ஒவ்வோர் உறையையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முன்னும் பின்னும் திருப்புவார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

"எங்க இருக்கான்னு தெரியுதா?" என்று கேட்பேன்.

"தெரியலம்மா" என்பார். அந்த எண்ணை விரலால் தடவிக்கொண்டே இருப்பார். கப்பல் எந்தக் கடலில் எந்தப் புயலில் இருந்தது என்று ஒரு கீறலை வைத்துச் சொன்னவருக்குத் தன் பிள்ளை எந்தக் காட்டில் இருக்கிறான் என்று சொல்ல முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பதைவிட வேறு தண்டனை எனக்கு வேண்டியதில்லை.

பிறகு தாள் வந்தது. மூன்று பேருக்கும் வந்தது. தாய், தகப்பன், மகன் என்று வரிசையாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். அன்றைக்கே அவனுக்கு எழுதிப் போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு சேனை அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, உங்கள் மகன் எல்லை தாண்டிப் போன படையில் இருக்கிறான். சேவைக் காலம் முடிந்து வரட்டும். அப்புறம் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள்" என்றார்.

நீங்கள் முன்னால் போங்கள், நான் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். நீ போ என்று அவர் என்னிடம் சொன்னார். இரண்டு பேரும் போகவில்லை. விமானத்தில் ஒதுக்கிய இடங்களுக்கான தவணை முடிந்து, வேறு யாரோ ஏறிப் போனார்கள். நான் எழுதிய கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு அவனிடமிருந்து கடிதம் வரவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் வட்டார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் இறப்பு அறிவிப்பை வாசித்தார். இன்னொருவர் கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். நாட்டுக்காக உயிர் கொடுத்தவன் என்று சிவப்பு எழுத்தில், அவன் பெயர் ஓர் எழுத்துப் பிழை இல்லாமல். எந்த இடத்தில் என்று கேட்டேன். அது எழுதப்படவில்லை என்றார்கள்.

என் கணவர் எழுந்து உள்ளே போனார். தூதரகத்துக்குப் போய்ப் போய் வந்த பழக்கம். பிறப்புச் சான்றையும், மாதா கோயில் நகலையும், மூன்று பெயர்கள் போட்ட தாளையும் எடுத்து வந்து அவர்கள் முன்னால் வரிசையாக வைக்கத் தொடங்கினார்.

வந்தவர்களில் மூத்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், ஐயா. அவன் உங்கள் பிள்ளை என்று எங்களுக்குத் தெரியும்" என்றார்.

இவர் கேட்கவில்லை. கையை உருவிக்கொண்டு, பிறப்புச் சான்றை எடுத்து நீட்டினார். "பாருங்க, இதுல என் பேரு இருக்கு" என்று அவர்களுக்குப் புரியாத தமிழில் சொல்லிக்கொண்டே நின்றார். அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை நான்தான் போட்டேன்.